ஒரு ஹெட்லைட்டின் விலையையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளிவந்த சொகுசுக் கார்கள் பற்றிய சிறப்புக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தினால். இரண்டாம் முறை, நான் படித்தது சரிதானா என்ற சந்தேகத்தினால். “சொகுசு என்றால் என்னவென்று இந்திய வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்தவை இந்த வெளிநாட்டு நிறுவனங்களே” என்று தங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கார் பட்டறை நடத்திவிட்டு இப்போது மகனிடம் ஒப்படைத்திருக்கும் எனக்கு, அந்தப் பாடத்தில் எந்த வகுப்பில் தவறினேன் என்று தெரியவில்லை.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. முதல் உலகப்போருக்கு முன்பே ரோல்ஸ் ராய்ஸ் தன் வண்டியைப் பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரை மலைச்சாலையில் ஓட்டிக் காட்டிப் பரிசு வாங்கிய பிறகுதான் அதைக் குவாலியர் மகாராஜாவிடம் விற்க முடிந்தது. வாங்குகிறவர் பரீட்சை வைத்தார், விற்கிறவர் எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, அம்பாசடரும் பியட்டும் ஸ்டாண்டர்டும் தவிர வேறொன்றும் கிடைக்காத காலத்தில்தான் நான் ஸ்பேனரைப் பிடித்தேன். அப்போதும் எங்களுக்குச் சொகுசு தெரியாமலில்லை, கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு 1994-இல் மெர்சிடிஸ் பென்ஸ், டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து புனேவுக்கு வந்தது. வந்த நிறுவனம் நமக்கு என்ன கொடுத்தது? 1984-இல் வெளிவந்த டபிள்யூ 124 என்ற மாதிரியை. 1995-இல் அது இங்கே விற்பனைக்கு வந்தபோது ஜெர்மனியில் அதற்கு அடுத்த தலைமுறையே வந்துவிட்டது. அந்த வண்டியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதைப்போன்ற உறுதியான என்ஜினை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை. ஆனால் அங்கே விடைபெறும் வண்டியை இங்கே புதுசு என்று பெருவிலைக்கு வைத்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு அது போகவில்லை. இந்திய வாடிக்கையாளர் அங்கே பாடம் கற்கவில்லை ஐயா, கற்பித்தார். தங்கள் கட்டுரை இந்த அத்தியாயத்தை “ஆரம்பகாலத் தடுமாற்றம்” என்ற இரண்டு சொற்களில் கடந்துவிட்டது.

செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் பி.எம்.டபிள்யூ. ஆலை திறக்கப்பட்டதைப் பற்றிப் பெருமிதத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பெருமைதான், என் தம்பி மகன்கூட அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறான். ஆனால் முழு வண்டியாகக் கப்பலில் இறக்கினால் சுங்கவரி மிக அதிகம், பிரித்த பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் அதில் ஒரு சிறு பங்குதான் என்ற கணக்கைச் சொல்லாமல், ஆலை வந்ததை ஏதோ நம் மீதுள்ள பாசத்தினால் வந்ததுபோல் எழுதுவது முறையா? சந்தையில் காலூன்றுவதற்கு அதுதான் முதல் உத்தி. அடுத்த உத்தி, ஏணியின் அடிப்படியைத் தாழ்த்துவது, அதாவது விலை குறைந்த மாதிரிகளை இறக்குவது. 2010 டிசம்பரில் பி.எம்.டபிள்யூ.வின் எக்ஸ் 1 வண்டி 22 லட்சம் ரூபாயிலிருந்து கிடைக்கும் என்றார்கள்; 2013-இல் ஆடியும் க்யூ 3-ஐ 25 லட்சத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, அந்த ஒரே ஆண்டில் 10,002 வண்டிகள் விற்றுச் சொகுசுக் கார்களில் முதலிடம் பிடித்தது. நிறுவனங்களே கடன் கொடுக்கத் தனிக் கடை திறந்தன. இதையெல்லாம் தாங்கள் ‘வெற்றிக்கதை’ என்கிறீர்கள். மாதத் தவணை கட்ட முடிந்தவரை உள்ளே இழுத்தார்கள். அதே வண்டியின் ஹெட்லைட்டை மாற்ற அவரால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வண்டிகளுக்கு ஐந்து வயது ஆனதும் கைமாறி எங்களைப் போன்ற பட்டறைகளின் வாசலுக்குத்தான் வந்தன.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊர் மருத்துவர் ஒருவர் ஆறு வயதான வண்டி ஒன்றை வாங்கினார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு நாள் காலை, காற்றழுத்தத்தில் வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனின் கம்ப்ரசர் போய், வண்டி முழங்கால் மடித்த மாடுபோல் போர்டிகோவில் படுத்துவிட்டது. கம்ப்ரசரைக் கழற்றிப் போட எனக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் புதுப் பாகத்தைப் போட்டாலும், நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இணைத்துப் பதிவு செய்தால்தான் வண்டி அதை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டரை வெளியாருக்குக் கொடுக்க மாட்டார்கள். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம். பாகம் வெளிநாட்டிலிருந்து வர 47 நாள். அந்த 47 நாளும் டாக்டர் தம் மனைவியின் ஸ்கூட்டரில் மருத்துவமனைக்குப் போனார். பில்லைப் பார்த்தவர் என்னிடம், “அண்ணாச்சி, இதுக்கு நீங்க சொன்ன இன்னோவாவையே வாங்கியிருக்கலாம்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவரோடு முதன்முதலில் ஷோரூமுக்குப் போனபோது நடந்ததும் நினைவுக்கு வருகிறது. அவருக்குக் காபி வந்தது. என்னைப் பார்த்த அந்த இளைஞர், “டிரைவரா? கீழே வெயிட்டிங் ஹால் இருக்கு” என்றார். சொகுசு என்றால் என்னவென்று அன்று கற்றுக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இப்படித்தான் எல்லாரும் காலூன்றுகிறார்கள் என்றும் இல்லை. 1989-இல் அமெரிக்காவில் டொயோட்டா, லெக்சஸ் என்ற புதுப் பெயரில் எல்.எஸ். 400-ஐ விற்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே, மிகச் சில புகார்களை வைத்து, அதுவரை விற்ற ஏறத்தாழ 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தது. வண்டிகளை வீட்டுக்கே வந்து எடுத்துச்சென்று, பழுது நீக்கிக் கொண்டுவந்து விட்டார்கள். ஜெர்மானிய வண்டிகளில் ஊறிய சந்தையில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர் நிலைத்ததற்கு அந்த நாட்களும் ஒரு காரணம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். தங்கள் நான்கு பக்கக் கட்டுரையில் ஷோரூம்களின் எண்ணிக்கை மூன்று இடங்களில் வருகிறது. ‘உதிரிபாகம்’ என்ற சொல்லைத் தேடினேன், ஓரிடத்திலும் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகளைப் பற்றியும், என்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரணக் காப்பீடு கைவிரித்துவிடுவதைப் பற்றியும் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். இடமின்மையால் வெளியிட முடியவில்லை போலும். அந்த மாத இதழின் பின்னட்டையில் ஒரு சொகுசுக் காருக்கு முழுப்பக்கம் இடம் இருந்ததைக் கண்டு, இடப் பற்றாக்குறை உள்பக்கங்களில் மட்டும்தான் என்று புரிந்துகொண்டேன்.

கட்டுரையாளரைத் திருத்தச் சொல்லவோ வருத்தம் தெரிவிக்கச் சொல்லவோ நான் கேட்கவில்லை. தாங்கள் மாதந்தோறும் வெளியிடும் விலைப்பட்டியலில் ஒவ்வொரு வண்டிக்கும் ஷோரூம் விலை, ஆன்ரோடு விலை என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்து, அந்த வண்டியின் ஒரு ஹெட்லைட்டின் விலையையும் போட வேண்டுகிறேன். ஒன்று போதும், இரண்டு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
பாளையங்கோட்டை.