டெவில்ஸ் டென் பாறைகளுக்கிடையே கிடந்த வீரன்

அன்புள்ள நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் தணிந்தது அறிந்து நிம்மதி. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, நானும் பழைய புகைப்படங்களைப் புரட்டத் தொடங்கிவிட்டேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் படங்களில் மறக்க முடியாதது எது என்று கேட்டிருந்தீர்கள். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் புகைப்படக் கலைஞர் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழுவினர் 1863 ஜூலையில் எடுத்த ஒன்றைச் சொல்வேன். டெவில்ஸ் டென் என்னுமிடத்தில், இரு பெரும் பாறைகளுக்கிடையே கல்லடுக்கிக் கட்டிய சிறு சுவரருகே, தென்மாநிலப் படையின் இளைஞன் ஒருவன் முகம் நம் பக்கம் திரும்பியிருக்க இறந்து கிடக்கிறான். சுவரில் ஒரு துப்பாக்கி சாய்ந்திருக்கிறது. 1866இல் வெளியிட்ட தொகுப்பில், மறைந்திருந்து குறிபார்த்துச் சுட்டவன் இவன் என்றே கார்ட்னர் எழுதினார்.

ஆனால், அந்தக் களத்தின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்ட வில்லியம் ஃபிராசனிட்டோ என்ற ஆய்வாளர், இதே உடல் வேறோரிடத்தில் கிடக்கும் படங்களும் இருப்பதை 1975இல் எடுத்துக்காட்டினார். காட்சிக்காக உடலை அங்கிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். அடியில் தெரியும் போர்வை அதற்கு உதவியிருக்கலாம். துப்பாக்கியும் அத்தகைய வீரர்கள் வழக்கமாகக் கையாண்ட வகை அன்று.

அந்தப் புகைப்படக்காரர்களுடைய நெருக்கடியும் எனக்குப் புரியாமலில்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டு வண்டிக்குள் கழுவியாக வேண்டிய காலம் அது. ஓடும் வீரனை அந்தக் கருவியால் பிடிக்க முடியாது, அசையாமல் கிடப்பவனைத்தான் பிடிக்கலாம். மூன்று நாள் போர் ஜூலை 3 அன்று முடிந்தபின் அவர்கள் வந்து சேர்ந்தபோது, உடல்களைப் புதைக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கிடைத்த ஓர் உடலைச் சுற்றி அவர்கள் ஒரு கதையை அமைத்தார்கள்.

இடம் மாற்றியதைக்கூட மன்னித்துவிடுவேன். நவம்பரில், லிங்கன் புகழ்பெற்ற உரையாற்றிய படைவீரர் கல்லறைத் தோட்டத் திறப்பு விழாவுக்குத் தான் சென்றபோதும் அந்த எலும்புக்கூடும் துப்பாக்கியும் அங்கேயே இருந்தன என்று கார்ட்னர் எழுதியதைத்தான் ஏற்க இயலவில்லை. நினைவுப்பொருள் பொறுக்குவோர் அலசிவிட்ட களத்தில் ஒரு துப்பாக்கி நான்கு மாதம் கிடக்குமா? அந்த இளைஞனின் பெயரோ இன்றுவரை உறுதிப்படவில்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலக இணையதளத்தில் இந்தப் படங்களைப் பெரிதாக்கியே பார்க்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கார்ட்னரை இவ்வளவு கடிந்துகொள்வது நியாயந்தானா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
நடராஜன்