பதினேழு அணுக்கள்

அன்புள்ள சேது,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாத பாவி எழுதுகிறேன். காரணம் கேட்காதே, பொய்தான் வரும். என் மூட்டுவலி அப்படியே இருக்கிறது, கமலா நலம், தோப்பு வழக்கு மறுபடியும் வாய்தா.

விஷயத்துக்கு வருகிறேன். யாழினிக்குக் கொல்கத்தா சைக்ளோட்ரானில், அதாவது அணுத் துகள்களை வேகப்படுத்தும் யந்திரம் இருக்கும் மையத்தில், ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்துவிட்டது! "அங்கே போய் என்னம்மா செய்வாய்?" என்றேன். "கனமான தனிமங்கள் மேல ஆல்ஃபா துகளை மோதவிட்டு என்ன ஆகுதுன்னு பார்ப்பேன்பா" என்றாள். 'மோதவிட்டு' என்ற சொல் கமலா காதில் விழுந்துவிட்டது. இரண்டு நாளாகக் குழம்பில் உப்பு இல்லை.

எனக்கும் உள்ளூர உதறல்தான். அதைப் போக்க யாழினி ஒரு கதை சொன்னாள். அப்போதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நீயும் கொஞ்சம் முழித்திரு.

1955 பிப்ரவரி, அமெரிக்காவின் பெர்க்லி. கியோர்சோ, சீபோர்க் என்ற விஞ்ஞானிகள், இன்னும் மூன்று பேர். 101-வது தனிமத்தைச் செய்து பார்க்க வேண்டும். கையிருப்பு 99-வது தனிமமான ஐன்ஸ்டைனியம், சுமார் நூறு கோடி அணுக்கள். கேட்கத்தான் பெரிசு, கண்ணுக்கே தெரியாது. அதுவும் தானே சிதைந்து 20 நாளில் பாதியாகிவிடும் சரக்கு. மெல்லிய தங்கத் தகட்டில் அதைப் படியவைத்து, 4 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேலான ஆற்றலோடு ஆல்ஃபாவைப் பாய்ச்சினார்கள். ஆல்ஃபாவுக்கு 2 பிளஸ் மின்னேற்றம், ஐன்ஸ்டைனியம் கருவுக்கு 99 பிளஸ்; பிளஸ்ஸும் பிளஸ்ஸும் ஒன்றையொன்று தள்ளும். அந்த வேகம் இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே நுழைந்தாலும் பெரும்பாலான கருக்கள் சூடு தாங்காமல் பிளந்துவிடும். எப்போதாவது ஒன்று, ஒரே ஒரு நியூட்ரானை உதறிவிட்டு நிற்கும். அதுதான் அந்த 101, மெண்டலீவியம்.

இதில் நான் மயங்கியது ஒரு தந்திரத்தில். அடி வாங்கிய அணு கேரம் காய் மாதிரி முன்னால் தெறிக்கும் அல்லவா? எதிரே இன்னொரு தங்கத் தகட்டை வைத்து அதைப் பிடித்துவிட்டார்கள். பழைய முறையில் மூலச் சரக்கையே கரைத்தாக வேண்டும். இப்போது இந்தத் தகட்டை மட்டும் கரைத்தால் போதும். அதே நூறு கோடியைத் திரும்பத் திரும்ப அடிக்கலாம். என்ன மூளைடா!

ஒரு தடவைக்கு ஒரு அணு தேறினால் அதிர்ஷ்டம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அதுவும் சில மணி நேரத்தில் கரைந்துபோகும். அதனால் எல்லாமே ஓட்டம்தான்: தகட்டைத் தங்கத்தையும் கரைக்கும் ராஜ திராவகத்தில் கரைப்பது, தங்கத்தை விலக்குவது, மலைமேலுள்ள ஆய்வகத்துக்குக் காரில் பறப்பது, குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கிப் பிரிப்பது. அப்புறம் காத்திருப்பு. மெண்டலீவியம் ஃபெர்மியம் என்ற இன்னொரு தனிமமாக மாறி, அந்த ஃபெர்மியம் பிளக்கும்போதுதான் கருவி துடிக்கும். அப்பன் இருந்ததற்கு மகன்தான் சாட்சி. அந்தத் துடிப்பைத் தீயணைப்பு மணியோடு இணைத்துவிட்டார்கள். ஒரு கரு பிளந்தால் கட்டடமே அலறும்! கடைசியில் தீயணைப்புத் துறையே அதை நிறுத்திவிட்டதாம். நம் ஹாஸ்டல் மணியும் வார்டனும் ஞாபகம் வருகிறதா? நீ மாட்டிக்கொண்டாய், நான் மாட்டவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எத்தனையோ தடவை அடித்து, மொத்தமாகக் கையில் சிக்கியது 17 அணுக்கள். பனிப்போர் உச்சத்தில் அதற்கு, தனிம அட்டவணை போட்ட மெண்டலீவ் என்ற ருஷ்யக்காரர் பெயரை வைக்க, சீபோர்க் அரசாங்கத்திடம் அனுமதி வேறு வாங்க வேண்டியிருந்ததாம்.

"பதினேழை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றாள் கமலா. யாழினி பதில் சொல்லவில்லை, சிரித்தாள். எனக்கு மட்டும் உன் டிரங்குப் பெட்டியில் மக்கிப்போன அந்த இரண்டு விண்ணப்பங்கள் ஞாபகம் வந்தன. நாம் ஏன் அனுப்பவில்லை, சேது? பணம் இல்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தபால் செலவு எட்டணாகூட இருந்திருக்காதே. அன்றைக்கு நான்தான் முதலில் பின்வாங்கினேன். உனக்குத் தெரியும், ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

சரி. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி அவளை ரயிலேற்றுகிறேன். உன் மச்சினன் இன்னும் கொல்கத்தாவில்தானே இருக்கிறான்? சால்ட் லேக் பக்கம் பெண்கள் தங்க நல்ல இடமும், இட்லி கிடைக்கிற ஒரு மெஸ்ஸும் அவனிடம் விசாரித்துச் சொல். கமலா அந்த மெஸ்ஸைப் பற்றித்தான் அதிகமாகக் கவலைப்படுகிறாள்.

உன்
ராமு