கனமான வில் கேட்டு வருபவர்களுக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாகக் கடைக்குள் நுழைகிறவர்களில் பலர், வில்லைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே "60 பவுண்டு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். வில்லின் எடையை அல்ல, நாணை இழுக்கத் தேவைப்படும் பலத்தைத்தான் பவுண்டில் சொல்கிறோம்; 'கனமான வில்' என்பதும் அந்தப் பொருளில்தான். இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் எடுத்துத் தருவதில்லை. இதில் சிலருக்கு வருத்தம். "காசு கொடுப்பவன் நான், எத்தனை பவுண்டு என்று முடிவு செய்வது நீங்களா?" என்று கீழக்கரையிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டத்துக்கு நடுவே நின்று பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கும் அவரைப்போல் நினைப்பவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். வில்லால் அடித்தாலும் கண்ணி வைத்தாலும் ஒன்றுதான். கருவேலங்காட்டுக்குள் "சும்மா ஒரு முயல், ஒரு கௌதாரி" என்று யாராவது பேச்செடுத்தால் அத்துடன் எங்கள் வியாபாரம் முடிந்தது. வேட்டைக்கான வெட்டுமுனை அம்புகளை நாங்கள் வாங்கி வைப்பதே இல்லை. உள்ளூரில் விற்கும் வில் எல்லாம் இலக்குப் பயிற்சிக்கு மட்டுமே. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் சிலர் அங்கே சட்டப்படி வில் வேட்டைக்குப் போகிறவர்கள். கனமான வில் என்ற ஆசை பெரும்பாலும் அவர்கள் பேச்சிலிருந்துதான் இங்கே தொற்றிக்கொள்கிறது. அவர்களுக்கும் இந்த மடலில் செய்தி உண்டு.

வில்லில் 50 என்று எழுதியிருந்தால், நாணை 28 அங்குலம் இழுக்கும்போது விரல்களில் 50 பவுண்டு, அதாவது 22 கிலோவுக்குச் சற்று மேல், ஏறுகிறது என்று பொருள். அந்த 28 எல்லோருக்கும் பொருந்தாது. இரு கைகளையும் விரித்து நின்று, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனிவரை அளந்து இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். உங்கள் இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைத்துவிடும். 65 அங்குலம் வந்தால் இழுப்பு 26. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு, மூன்று பவுண்டு குறையும் என்பதால், அவர் கையில் 50 பவுண்டு வில் 45 பக்கம்தான் நிற்கும். கை நீளமானவருக்கோ அதே வில் 55 ஆகிவிடும். "நான் 50 இழுக்கிறேன்" என்று சொல்பவர்கள் உண்மையில் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

அதனால்தான் கடை வாசலில் கொக்கித் தராசு தொங்குகிறது. மீன் ஏலக் கூடத்தில் பார்த்திருப்பீர்கள், அதே தராசுதான். நாணைக் கொக்கியில் மாட்டி, அங்குலம் குறித்த குச்சியை நாணில் பொருத்தி, கைப்பிடியைப் பிடித்து மெல்லக் கீழே இழுப்போம். உங்கள் அளவுக்கோடு கைப்பிடியைத் தொடும் இடத்தில் முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வில்லில் எழுதிய எண்ணும் முள் காட்டும் எண்ணும் இரண்டு மூன்று பவுண்டு விலகி நிற்பது சாதாரணம். எந்தக் கடையில் வாங்கினாலும் தராசில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எண் தெரிந்துவிட்டது, உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் அடுத்தது. கரைவலை இழுத்துப் பழகிய தம்பிகள் வருவார்கள். 55 பவுண்டு வில்லை முதல் இழுப்பிலேயே காதுவரை கொண்டுபோய்விடுவார்கள். அங்கேயே நிறுத்தச் சொன்னால்தான் சிக்கல். வலை இழுப்பு காலும் இடுப்பும் உடல் எடையும் சேர்ந்து செய்யும் வேலை. வில்லை இழுத்த நிலையில் நிறுத்துவது, முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையிலுள்ள தசைகளின் வேலை. அன்றாடம் எந்த வேலையிலும் அந்தத் தசைகளை அப்படிப் பூட்டி நிறுத்துவதில்லை. கனம் மீறினால் என்ன நடக்கும் என்பதைத் தள்ளி நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும்: இடது தோள் காதை நோக்கி ஏறும். தாடை நாணைத் தேடி முன்னே போகும். இழுத்த அம்பு அரை அங்குலம் முன்னால் ஊர்ந்துவிடும். நாண் வாயோரம் வந்து சேர்வதற்குள் விரல் தானாகத் திறந்துகொள்ளும். இந்த நிலையில் தினமும் நூறு அம்பு விட்டாலும் வளர்வது குறி அல்ல, அந்தக் கோணல் பழக்கம்தான். தோள்மூட்டுத் தசைநாரில் வலி வந்துவிட்டாலோ, மாதக்கணக்கில் வில்லைத் தொட முடியாது.

எங்கள் சோதனை எளிது. முக்காலியில் உட்காருங்கள். வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராக நீட்டி இழுங்கள். விரல் வாயோரத்தைத் தொட்டதும் பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். பிறகு விடாமல் மெல்லத் திருப்பிக் கொண்டுவாருங்கள். விட்டுவிடுவது சுலபம், திருப்பிக் கொண்டுவருவதுதான் கடினம். இதில் தேறினால் முப்பது அம்பு. கடைசி மூன்றும் முதல் மூன்றைப் போல விழுந்தால் அந்த வில் உங்களுடையது, பவுண்டு எவ்வளவானாலும் சரி.

"அந்தக் காலத்தில் 100 பவுண்டுக்கு மேல் இழுத்தார்களே" என்பார்கள். உண்மைதான். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நெடுவில்கள் 100 பவுண்டுக்கு மேற்பட்டவை என்று கணித்திருக்கிறார்கள். அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள் எலும்பின் நுனி ஒன்றுசேராமலே இருந்தது. சிறு வயது முதல் கனமான வில் இழுத்ததே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நாற்பது வயதில், மாலை நேரப் பொழுதுபோக்காக வில் எடுப்பவர் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. மறுபக்கம், கலிபோர்னியாவின் யாஹி பழங்குடி இனத்தவரான இஷியின் வேட்டை வில் சுமார் 45 பவுண்டுதான். அவர் மானை நெருங்கிப் போய் அடித்தவர்.

வெளிநாட்டில் வேட்டைக்குப் போகும் அன்பர்களுக்கு. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் மானுக்குச் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 40 பவுண்டு. அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல அதிர்ச்சியால் சாய்ப்பதில்லை. வெட்டி, ரத்தம் இழக்கச் செய்துதான் கொல்கிறது. ஆகவே முனையின் கூர்மையும், முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலில் விழும் குறியும்தான் முக்கியம். 50 பவுண்டு வில்லுக்கு 500 கிரெய்ன், ஏறத்தாழ 32 கிராம், எடையுள்ள அம்பு பொருத்தம். 60 பவுண்டு வில்லுக்கு அதே விகிதத்தில் அம்பையும் கனமாக்கினால் வேகம் பெரிதாகக் கூடாது; அதே வேகத்தில் கனமான அம்பு போகும், ஆழமாக இறங்கும். கனமான வில்லின் உண்மையான லாபம் இதுதான், அதை மறுக்கவில்லை. பெரிய விலங்குக்குப் போகிறவருக்கு அது தேவையும்கூட. ஆனால் அங்கே குளிரில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்து, விறைத்த தோளோடு, மான் தலை திருப்பும் நேரத்தில் சத்தமில்லாமல் இழுக்க வேண்டும். இங்கே உச்சிப்புளித் தோப்பில் வியர்க்க வியர்க்க இழுத்த கணக்கு அங்கே செல்லாது. தோப்பில் சுகமாக இழுக்கும் அளவிலிருந்து ஐந்து பவுண்டைக் கழித்துவிட்டு வாங்குங்கள். அரைகுறையாகக் காயப்பட்டு ஓடும் விலங்கு யாருக்கும் பெருமையில்லை.

கனமான வில் வேண்டும் என்பதற்கு, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. 20 மீட்டரில் காற்று தள்ளுவதைவிட நடுங்கும் கை தள்ளுவது அதிகம்.

புதிதாகத் தொடங்கும் ஆண்களுக்கு 30 முதல் 35, பெண்களுக்கு 20 முதல் 25, சிறுவர்களுக்கு 15 பவுண்டு என்பது எங்கள் வழக்கம். கைப்பிடி தனியாகவும், வளையும் இரு தண்டுகள் தனியாகவும் திருகாணியில் இணையும் வில்லாக வாங்கினால், பலம் கூடியபின் தண்டுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழைய தண்டில் விரிசலோ முறுக்கலோ இல்லாவிட்டால் பாதி விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம். ஒரே தடவையில் ஐந்து பவுண்டுக்கு மேல் ஏற்றுவதில்லை. அம்புக்கும் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள். 35 பவுண்டுக்கு வாங்கிய அம்பு 50-க்கு வளைந்துகொடுத்துக் குறி தவறும், விறைப்பான அம்பு வேண்டும்.

ஞாயிறு காலை முழுதும் தராசு வாசலில் இருக்கும். வேறு கடையில் வாங்கிய வில்லையும் கொண்டுவரலாம். எடை பார்க்கக் காசு வாங்குவதில்லை. வரும்போது நாணைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். நாணேற்றிய வில்லைப் பூட்டிய காருக்குள் வெயிலில் போட்டு வைத்தால் ஒட்டுப் பிரிந்துவிடும். அதை எங்களால் சரிசெய்து தர முடியாது.

இப்படிக்கு,
கடையார்