ஜல்லிக்கல்லும் புவியின் உள்ளமைப்பும்: ஏழாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் சமூக அறிவியலும் எடுக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் புத்தகத்தில் அளவீட்டியலில் அடர்த்தி வருகிறது. சமூக அறிவியல் புத்தகத்தில் புவியின் உள்ளமைப்பு வருகிறது. ஒரே வகுப்பு, ஒரே பிள்ளைகள். ஆனாலும் முதலாவதை வாய்ப்பாடாகவும், இரண்டாவதை சியால், சிமா, நிஃபே என்ற அடுக்குப் பெயர்களின் மனப்பாடமாகவும் தனித்தனியே முடித்துவிடுகிறோம். அடர்த்தி தெரியாமல் புவிக்குள் என்ன இருக்கிறது என்று சரியாக ஊகிப்பது கடினம். இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து, இந்த இரண்டையும் ஒன்றாக நடத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதல் தடை சொல்லில் இருக்கிறது. 'அடர்த்தியான பால்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அடர்த்தி என்றால் கெட்டித்தன்மை. விளக்கெண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி, ஆனாலும் மிதக்கிறது (அதன் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 0.96 கிராம், தண்ணீருக்கு 1; இனி வரும் அடர்த்தி எண்களுக்கும் இதே அலகு). இதைக் கண்ணால் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். 'கனஅளவு' என்றதும் 'கனம்' காதில் விழுந்து எடையோடு குழம்புகிறது. 'பருமன்' என்றே சொல்வது நல்லது. கண்காட்சிகளில் வைக்கும் வண்ணத் திரவ அடுக்குகளால் பெரிய பயன் இல்லை. எது மேலே, எது கீழே என்று தெரியுமே தவிர, எண் எதுவும் கிடைக்காது.

எண்ணுக்குக் கல் வேண்டும். கட்டுமான இடத்தில் கிடக்கும் கருங்கல் ஜல்லி, கிரானைட் பட்டறையில் மிஞ்சிய கறுப்புக் கல் துண்டு, செங்கல் துண்டு, ஒரு பெரிய இரும்பு போல்ட் ஆகியவை போதும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு மக், தையல் நூல், குறுக்கே வைக்க ஒரு குச்சி இவ்வளவுதான் கருவி. அளவு ஜாடி வேண்டாம். அதில் நுழையும் 30 கிராம் ஜல்லியின் பருமன் 11 மில்லிதான். பார்வை ஒரு மில்லி பிசகி 10 என்று குறித்தால் அடர்த்தி 3.0, 12 என்று குறித்தால் 2.5. கல்லின் வகையே மாறிவிடும்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம். ஐந்தாறு ஜல்லிகளைச் சேர்த்துக் கட்டி, ஈரம் படுவதற்கு முன் எடை போடுங்கள். 400, 500 கிராம் இருக்கட்டும். தண்ணீர் உள்ள மக்கைத் தராசில் வைத்து 'டேர்' அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். மக்குக்கு இருபுறமும் செங்கல் அடுக்கி, அவற்றின்மேல் குச்சியை வைத்து, கல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் பருமன், கன செ.மீ.யில். தண்ணீர் கல்லை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, அவ்வளவு கல்லும் தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தம் விலகிய நீரின் எடைக்குச் சமம். ஒரு கன செ.மீ. நீர் ஒரு கிராம். உலர்ந்த எடை 405, மூழ்கியபின் தராசு காட்டுவது 150 என்றால், 405-ஐ 150-ஆல் வகுக்க அடர்த்தி 2.7.

கல் அடியில் தட்டினால் எண் எகிறும், ஏனென்றால் அதன் சொந்த எடையும் தராசில் இறங்கிவிடுகிறது. நூலைக் கையில் பிடித்தால் எண் நிற்காமல் ஆடும். ஜல்லிகளுக்கு இடையே காற்றுக்குமிழி சிக்கினால் பருமன் கூடிக் காட்டும். தண்ணீருக்குள்ளேயே ஒருமுறை குலுக்குங்கள். சில தராசுகள் இரண்டு நிமிடத்தில் தானே அணைந்துவிடும், பூஜ்யமும் போய்விடும். ஆகவே கல்லைக் கட்டித் தயாராக வைத்துக்கொண்டு 'டேர்' அழுத்துவது மேல்.

செங்கல்தான் வம்பு செய்யும். அது தண்ணீரைக் குடிக்கக் குடிக்கத் தராசின் எண் இறங்கும், கணக்கில் அடர்த்தி பொய்யாக ஏறும். முந்தின நாளே உலர்ந்த எடையைக் குறித்து, இரவு முழுக்க ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டுத் தொங்கவிடுங்கள். இந்தச் சிக்கலைப் பிள்ளைகள் முதலில் தாமாகவே மாட்டிக்கொண்டு பார்ப்பதும் நல்லதுதான்.

ஜல்லி 2.6 முதல் 2.8-க்குள் வரும். வேலூர்க் கோட்டைச் சுவரின் கருங்கல்லும் அதே அளவில்தான். கறுப்புக் கல் டோலரைட்டாக இருந்தால் 3.0-ஐ ஒட்டி வரும். அது ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு விரிசல்களில் ஏறி உறைந்தது. நம் பகுதிக் குன்றுகளை வெட்டிக்கொண்டு கறுப்புப் பட்டைகளாக ஓடுவது அதுவே. போல்ட் 7.8.

இனி கரும்பலகையில் ஒரே ஒரு எண்ணை எழுதுங்கள்: 5.5. இது முழுப் புவியின் சராசரி அடர்த்தி. 1798-இல் கேவண்டிஷ் செய்த ஆய்வு ஏறக்குறைய இதே விடையைத் தந்தது. வகுப்பிலுள்ள எந்தக் கல்லும் அதில் பாதியளவே வருகிறது. அப்படியானால் மீதி எங்கே? விடையைச் சொல்லிவிடாமல் காத்திருங்கள். போல்ட்டைப் பார்த்து யாராவது ஒரு பிள்ளை இரும்பு என்று சொல்லும்.

கணக்கில் சூட்டிகையான ஒருத்தி இன்னும் ஒரு படி போகலாம்: 2.7-ஐயும் 7.8-ஐயும் கலந்து 5.5 வர வேண்டுமென்றால் புவியின் பருமனில் பாதிக்கு மேல் இரும்பு வேண்டுமே என்பாள். கணக்கு சரி, ஆனால் புவியின் நடுவில் பெரும்பாலும் இரும்பாலான மையக்கரு பருமனில் ஆறில் ஒரு பங்குதான். ஆழத்தின் அழுத்தத்தில் பாறையும் இரும்பும் இறுகிவிடுகின்றன. மேலோட்டுக்கும் மையக்கருவுக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கான கவசத்தின் அடர்த்தி 3.3-இல் தொடங்கி அடியில் 5.6 வரை ஏறுகிறது. மையக்கருவின் வெளிப்பகுதி 10 அளவில் தொடங்கி, நடுவில் 13-ஐத் தொடுகிறது. மேசையில் இருக்கும் போல்ட்டுக்கு அந்த அழுத்தம் இல்லை.

இரண்டு பாடங்களும் முதல் பருவத்திலேயே வருவதால், ஆசிரியர்கள் இருவரும் ஒரு பாடவேளையை மாற்றிக்கொண்டாலே போதும். செங்கல்லை மட்டும் முந்தின நாளே ஊறப்போட மறக்காதீர்கள்.

அன்புடன்,
வடாற்காட்டுப் பாறைகளைப் படிக்கும் சிலர்