மேயரின் நாவும் மேயரின் அதிகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லண்டன் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய வாய்த்துடுக்கையே நினைவுகூர்கிறார்கள்; அதிகாரத்தைக் கொண்டு அவர் செய்தவற்றை அல்ல. 1981-இல், நகரின் அப்போதைய நிர்வாக அமைப்பான பெருநகர லண்டன் மன்றத்தின் தலைவரானதும், வரியை உயர்த்தி அந்தப் பணத்தைக் கொண்டு பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டனின் அப்போதைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அது செல்லாது என்றனர். வேலையில்லாதோர் எண்ணிக்கையை நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையிலிருந்த மன்றக் கட்டடத்தின் மேல் பெரிதாக எழுதி வைத்தவரும் அவரே. 1986-இல் பிரதமர் தாட்சரின் அரசு மன்றத்தையே கலைத்தது. 2000-இல் அவருடைய தொழிற்கட்சி வாய்ப்பு மறுக்க, சுயேச்சையாக நின்று மேயரானார். 2003-இல் நகர மையத்தில் நுழையும் வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு விதித்து, வருவாயைப் போக்குவரத்துக்கே திருப்பினார். 2016-இல் ஹிட்லரைப் பற்றிப் பேசி இடைநீக்கம் ஆனதும் 2018-இல் கட்சியை விட்டு விலகியதும் அவராகத் தேடிக்கொண்ட வினை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் போக்குவரத்தில் லண்டன் மேயருக்கு இருந்த அதிகாரம் சென்னையில் இல்லை. நம் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மாநகரப் பேருந்தோ மாநில அரசின் போக்குவரத்துக் கழகத்திடம் உள்ளது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்கு நடுவே பேருந்துக்காக நிற்கும் எங்கள் பகுதியினர் மேயரிடம் மனு கொடுத்தாலும், அவர் அதைப் பரிந்துரைத்து அனுப்பத்தான் முடியும். வழித்தடங்களைத் தீர்மானிப்பதிலாவது மாமன்றத்துக்குச் சட்டப்படி ஓர் இடம் தர வேண்டும்.

– ஒரு வாசகர், திருவொற்றியூர், சென்னை-19