கதவருகே இருந்தவர் தலையாட்டினார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளைப் பார்க்கத் திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்குப் போனேன். இறக்கையை ஒட்டிய அவசர வழி வரிசையில் எனக்கு இடம். கதவை ஒட்டிய ஜன்னலோர இருக்கையில், எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, மடியில் மஞ்சள் பை. புதுக்கோட்டைப் பக்கமாம், மகன் கிள்ளானில் வேலை பார்க்கிறார். அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

பணிப்பெண் வந்தார். பையை வாங்கி மேலே வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லி முடித்து, சரியா என்று கேட்டார். பெரியவர் சிரித்தபடி தலையாட்டினார். பெண் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, "சாப்பாடு எப்ப வேணும்னு கேட்டுச்சாம்மா அந்தப் பொண்ணு?" என்றார்.

அந்தப் பெண் கேட்டது சாப்பாட்டைப் பற்றி அல்ல. ஆபத்து வந்தால் வெளியே தீ இல்லையே என்று பார்த்து, இந்தக் கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார்.

அஞ்சலகத்தில் 31 ஆண்டுகள் இருந்தவள் நான். மணியார்டர் பாரத்தில் கைநாட்டு வைப்பவருக்குக்கூட, எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மையை நீட்டுவோம். சும்மா இருக்க மனம் வரவில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெரியவரை முன்வரிசைக்கு மாற்றினார்கள். போகும்போது அவர், "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டார். பயணம் முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அப்புறம், உயிர்காப்பு அங்கியை மாட்டும் விதத்தையும் ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டுமே சொன்னார்கள். போகும் வழியோ வங்காள விரிகுடா. விமானத்துக்குள்ளேயே அங்கியில் காற்றை நிரப்பக் கூடாது என்பது அதில் முக்கியமான வரி. 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமோரோஸ் தீவருகே கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர், அங்கியை உள்ளேயே ஊத வைத்ததால் மேலே மிதந்து, வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டவர்கள். தெரியாத மொழியில் சொன்னால் இது யாருக்கு விளங்கும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியில் இருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நம் தலைக்கு மேல் சுற்றியதே! ஸ்ரீரங்கத்தில் நாங்கள் மொட்டை மாடியில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். நல்லபடியாக இறங்கியது. உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேருக்கு, அவசர வழி எங்கே இருக்கிறது என்று புரியும்படி சொல்லியிருப்பார்கள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

தமிழில் அறிவிப்புச் செய்யும் விமானிகளின் காணொளிகளைப் பெருமையோடு பகிர்கிறோம். அது அவர்களுடைய நல்ல மனசு. நான் கேட்பது விதி. திருச்சி, மதுரை, கோவை, சென்னையில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானத்திலும் பாதுகாப்பு விளக்கம் தமிழிலும் ஒலிக்க வேண்டும். ஒலிப்பதிவாக இருந்தாலும் போதும். அவசர வழி இருக்கையை ஒதுக்கும்போதே, கவுன்டரில் தமிழில் கேட்டுவிட வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் நம் எம்.பி.க்களும் இதைக் கையில் எடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஸ்ரீரங்கம்.