மாவுப்பூச்சிக்குப் பொறிவண்டு கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
கமலா ஆரஞ்சு சிறு விவசாயிகள்,
கீழ்ப்பழனி மலை.

பெறுநர்:
உயர்திரு தோட்டக்கலை உதவி இயக்குநர் அவர்கள்.

பொருள்: ஆரஞ்சுத் தோட்டங்களில் மாவுப்பூச்சி – அதைத் தின்னும் பொறிவண்டு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த, பதில் வராத மனுக்கள்.

ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தாங்கள் அறியாததல்ல. பெரும்பாறை தாண்டி ஜீப் ஏறும்போதே இலை கறுத்த மரங்கள் தங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

1. உடம்பில் வெள்ளை மெழுகு போர்த்திய மாவுப்பூச்சி காம்படியில் அடைந்து சாற்றை உறிஞ்சுவதால் பிஞ்சு உதிர்கிறது.

2. உதிராமல் தப்பிய பழத்தின் மேல் பூச்சியின் தேன்கழிவு வடிந்து கரும்பூஞ்சணம் படிகிறது. வத்தலக்குண்டு கமிஷன் கடையில் கூடையைப் பிரித்ததுமே ஒதுக்கி வைக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் ராத்திரி உட்கார்ந்து பழம் பழமாக ஈரத்துணியால் துடைத்தார்கள். துடைத்த பழம் தோல் கன்றி வழியிலேயே அழுகியது. துடைக்காவிட்டால் விலை இல்லை, துடைத்தால் பழமே இல்லை. வண்டி வாடகையைக் கைக்காசில் கொடுத்துவிட்டு வருகிறோம் ஐயா.

3. மானியத்தில் கிடைத்த மருந்தை அடித்தோம். மெழுகுக்குள் இருக்கும் பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத் தின்ன வந்த பொறிவண்டுதான் செத்தது. அடுத்த மாதம் பூச்சி இரட்டிப்பாக வந்தது. அந்த வண்டின் புழுவும் மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக இருக்கும். தெரியாதவர்கள் அதையே பூச்சி என்று நினைத்து, தேடித் தேடி மருந்து அடிக்கிறார்கள். இதைச் சொல்லித்தர ஒருவரையாவது அனுப்பக் கூடாதா?

4. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. கிரிப்டோலீமஸ் என்ற இந்த வண்டு காபியின் பச்சைச் செதில்பூச்சிக்காக 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. வந்த வேலையை விட்டுவிட்டு மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டது, அது எங்கள் அதிர்ஷ்டம். மரத்துக்கு 10 வண்டு விடச் சொல்வது துறையின் பரிந்துரைதானே? வண்டை விரட்டும் எறும்பு ஏறாமல் தண்டில் பசைப்பட்டை கட்டுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வண்டு எங்கே? கேட்டால் 'ஸ்டாக் இல்லை' என்கிறார்கள், மருந்து மட்டும் எப்படி எப்போதும் ஸ்டாக்கில் இருக்கிறது?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளவும். அடுத்த காய்ப்புக்கு முன் வண்டு வழங்கவும், அதுவரை அந்த மருந்தை எங்கள் தலையில் கட்டாமல் இருக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். மொத்தமாகத் தர முடியாவிட்டால் தாய் வண்டுகள் கொஞ்சம் கொடுத்து, வளர்க்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள். பூசணிக்காயில் மாவுப்பூச்சியை ஏற்றி அதில் வண்டை வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பூசணிக்காய் எங்களிடம் இருக்கிறது, மாவுப்பூச்சிக்கோ குறைவே இல்லை. வண்டு மட்டும் கொடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள விவசாயிகள்